ஆன்லைன் விற்பனை: லாபம் யாருக்கு, வளர்ச்சி எங்கே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விற்பனையை ஆன்லைனுக்குக் கொண்டுபோகலாமா என்று யோசிக்கிறவர்கள், கொண்டுபோய்விட்டுக் கையைப் பிசைகிறவர்கள், இதைப் பாடமாகப் படிக்கிறவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. முதலில் விற்கிறவரின் கணக்கு, அப்புறம் நாட்டின் கணக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சந்தேகங்கள் வருகின்றன.

ஆன்லைன்ல போட்டா லாபம் கூடுமா கூடாதா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

விற்பனை கூடுவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. லாபம் கூடும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. உங்களிடம் மட்டுமே கிடைக்கிற பொருள், எடை குறைவு, விலையில் கணிசமான பங்கு உங்கள் லாபம், வாங்கினவர் திரும்ப வந்து வாங்குவார் என்றால் லாபம் வரும். நூறு பேர் விற்கும் அதே பொருளை நூற்றோராவது ஆளாக விற்றால், மிச்சம் வாங்குகிறவருக்கும் தளத்துக்கும்தான் (அமேசான் மாதிரி பலரும் வந்து விற்கிற வெப்சைட்) போகும்.

கடை வாடகை கிடையாது, நிறைய ஆள் வேண்டாம். அப்புறம் எப்படி லாபம் வராம போகும்?

கடையில் விற்கும்போது உங்களுக்குச் சம்பளம் இல்லாமல் வேலை செய்த ஒருவர் இருந்தார். அவர்தான் வாடிக்கையாளர். அவரே கிளம்பி வந்தார், அலமாரியில் தேடி எடுத்தார், தொட்டுப் பார்த்து இது வேண்டாம் என்று அங்கேயே வைத்தார், வாங்கியதைத் தன் செலவில் வீட்டுக்குக் கொண்டுபோனார். ஆன்லைனில் இந்த வேலையெல்லாம் விற்கிறவர் தலையில் விழுகிறது: படம் எடுப்பது, விவரம் எழுதுவது, கிடங்கில் தேடி எடுப்பது, பேக்கிங், கூரியர், திருப்பி அனுப்பினால் அதை வாங்கிச் சரிபார்த்து மறுபடி அடுக்குவது.

வாடகையும் ஒழிந்துவிடுவதில்லை. நல்ல தெருவில் கடை எடுத்தால் நாலு பேர் கண்ணில் படும், அதற்காகத்தான் அந்த வாடகை. ஆன்லைனில் கண்ணில் படுவதற்கு விளம்பரக் காசு கொடுக்கிறோம். வாடகையாவது மாதம் இவ்வளவு என்று தெரியும், விளம்பரச் செலவு போட்டியாளர் எவ்வளவு ஏலம் கேட்கிறார் என்பதைப் பொறுத்து ஏறிக்கொண்டே போகும்.

ஒரு ஆர்டர்ல உண்மையில என்ன மிஞ்சும்? கணக்குப் போட்டுக் காட்டுங்க.

கற்பனைக் கணக்குதான், ஆனால் உங்கள் எண்களைப் போட்டுப் பார்க்க உதவும். விற்பனை விலை 100. கொள்முதல் 60 போனால் 40. தளத்தின் கமிஷன் 14 போனால் 26. பேக்கிங், டெலிவரி 13 போனால் 13. அந்த ஆர்டரைக் கொண்டுவரச் செலவான விளம்பரம் 7 போனால் கையில் 6. இதோடு நிறுத்தி "ஆறு சதவீதம் லாபம்" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

இப்போது ரிட்டர்னைச் சேருங்கள். பத்து ஆர்டரில் ஒன்று திரும்பி வருகிறது என்று வைப்போம். அந்த ஒன்றுக்குப் போன செலவு 13, திரும்பி வந்த செலவு 10, விளம்பரம் 7, ஆக 30 வீண் (கமிஷனைத் தளம் திருப்பிக் கொடுத்துவிட்டது, பொருளுக்குச் சேதம் இல்லை என்ற நல்ல நினைப்பில்). இந்த 30-ஐ மற்ற ஒன்பது ஆர்டர்கள் சுமந்தால் ஒவ்வொன்றிலும் 3.3 கழியும், மிஞ்சுவது 2.7. பத்தில் இரண்டு திரும்பினால் 60-ஐ எட்டு ஆர்டர்கள் சுமக்க வேண்டும், தலைக்கு 7.5, திரும்பாத ஒவ்வொரு ஆர்டருக்கும் 1.5 நஷ்டம். துணி, செருப்பு மாதிரி அளவு பார்த்து வாங்கும் பொருட்களில் ரிட்டர்ன் அதிகம் என்பதால் இந்த வித்தியாசமே தொழிலைத் தீர்மானிக்கும். 2022-இல் ஜாரா என்ற துணி நிறுவனம் பிரிட்டனில் ஆன்லைன் ரிட்டர்னுக்குக் கட்டணம் வைத்ததும் இப்படிப்பட்ட ஒரு கணக்கினால்தான் இருக்கும்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். அதே வாடிக்கையாளர் ஒரே பார்சலில் இரண்டு வாங்கினால்? விற்பனை 200, கொள்முதல் 120, கமிஷன் 28, டெலிவரி 26 ஆகாது, 16 என்று வைப்போம், விளம்பரம் அதே 7. மிஞ்சுவது 29. ஒன்றுக்கு 6 என்றால் இரண்டுக்கு 12 இல்லை, 29! "இவ்வளவுக்கு மேல் வாங்கினால் டெலிவரி இலவசம்" என்று எல்லோரும் போடுவதன் சூட்சுமம் இதுதான்.

பெரிய தளத்துல விக்கறதா, சொந்தமா வெப்சைட் போடறதா?

பெரிய தளத்தில் கூட்டம் தயாராக இருக்கிறது, அதற்குக் கமிஷன் கொடுக்கிறீர்கள். அமேசானின் அமெரிக்கத் தளத்தில் பெரும்பாலான வகைகளுக்கு 8 முதல் 15 சதவீதம். கிடங்கு, டெலிவரிச் சேவை எடுத்தால் அது தனி. அதற்கும் மேல், தேடல் பட்டியலில் முன்னால் வர விளம்பரம். 2023-இல் அமேசானுக்கு விளம்பரத்தில் மட்டும் வந்த வருமானம் சுமார் 4,690 கோடி டாலர், இதில் பெரும்பகுதி அங்கே விற்கிறவர்களும் பிராண்டுகளும் கொடுத்தது. லாபம் எங்கே போகிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த எண்ணைத்தான்.

சொந்த வெப்சைட்டில் கமிஷன் இல்லை, ஆனால் கூட்டமும் இல்லை. வாங்கினவரின் விவரம் உங்களிடம் இருக்கும், அவர் இரண்டாவது முறை வரும்போது விளம்பரச் செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம். மேலே போட்ட கணக்கில் அந்த 14-உம் 7-உம் இல்லாமல் பாருங்கள், பணப் பரிமாற்றக் கட்டணம் போனாலும் நிலைமையே வேறு. அதனால் திரும்பத் திரும்ப வாங்கும் பொருளுக்குச் சொந்த வெப்சைட், வாழ்நாளில் ஒருமுறை வாங்கும் பொருளுக்குத் தளம் என்பது என் அபிப்பிராயம். பலர் தளத்தில் ஆரம்பித்து மெல்ல மெல்லத் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள், தளங்களுக்கும் அது தெரியும், வாடிக்கையாளர் விவரத்தை அவ்வளவு சுலபமாகக் கொடுப்பதில்லை.

எல்லாரும் விலையை ஒப்பிட்டுப் பாத்துதான் வாங்கறாங்க. அப்ப விலை அடிமட்டத்துக்குப் போயிடாதா?

ஆரம்பத்தில் பொருளாதார அறிஞர்கள் பலரும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். எரிக் பிரின்யோல்ஃப்சனும் மைக்கேல் ஸ்மித்தும் புத்தகம், சிடி விலைகளை ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட கட்டுரையில் ஆன்லைன் விலை கடை விலையைவிட 9 முதல் 16 சதவீதம் குறைவு என்று கண்டார்கள். ஆனால் ஒரே புத்தகத்தை வெவ்வேறு ஆன்லைன் கடைகள் வெவ்வேறு விலைக்கு விற்றன என்பதையும் பார்த்தார்கள். பெயரெடுத்த கடை கொஞ்சம் கூட வைத்தும் விற்க முடிந்தது. ஏமாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கைக்கு ஆட்கள் காசு கொடுக்கத் தயாராக இருந்தார்கள்.

பிற்பாடு ஆல்பர்ட்டோ கவாலோ, கடையும் ஆன்லைனும் சேர்த்து நடத்தும் 56 பெரிய நிறுவனங்களை 10 நாடுகளில் ஆராய்ந்து 2017-இல் எழுதினார்: சுமார் 72 சதவீத நேரம் இரண்டு இடத்திலும் ஒரே விலைதான். ஆக, போட்டியின் அழுத்தம் ஆன்லைனோடு நிற்பதில்லை, கடை விலையையும் பிடித்து இழுக்கிறது. "நான் ஆன்லைனுக்குப் போகவில்லை, அதனால் விலைப்போட்டி எனக்கில்லை" என்று இருக்க முடியாது.

நஷ்டத்துலயே வருஷக்கணக்கா ஓடின கம்பெனி எல்லாம் இன்னிக்கு ராஜா. அப்ப நஷ்டம் தப்பில்லைதானே?

எல்லோரும் சொல்லும் உதாரணம் அமேசான். 1995-இல் விற்க ஆரம்பித்து 2001-இன் கடைசிக் காலாண்டில்தான் முதல் லாபம், அதுவும் 50 லட்சம் டாலர். ஆனால் அதற்கு இரண்டு வசதிகள் இருந்தன. வாங்குகிறவரிடம் உடனே காசு வந்துவிடும், சப்ளையருக்குக் கொஞ்ச நாள் கழித்துக் கொடுத்தால் போதும், ஆக விற்பனை வளர வளர அடுத்தவர் காசு கையில் புரளும். இரண்டாவது, இன்றைய லாபத்தில் பெரும்பகுதி பொருள் விற்று வருவதில்லை. 2023-இல் அதன் செயல்பாட்டு லாபம் சுமார் 3,690 கோடி டாலர், அதில் சுமார் 2,460 கோடி கணினி வசதியை வாடகைக்கு விடும் கிளவுட் பிரிவினுடையது.

இதே காலத்து வெப்வானைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வீட்டுக்கு மளிகை கொண்டுவந்து கொடுக்கும் அமெரிக்க நிறுவனம், 1999-இல் பங்குச் சந்தைக்கு வந்தது, போதுமான ஆர்டர் வருவதற்கு முன்பே மாபெரும் தானியங்கிக் கிடங்குகளைக் கட்டியது, 2001 ஜூலையில் திவால். ஆர்டர் கூடும்போது குறைகிற நஷ்டம் ஒரு வகை, ஆர்டர் கூடும்போது அதுவும் கூடுகிற நஷ்டம் இன்னொரு வகை. மேலே போட்ட 1.5 நஷ்டக் கணக்கு இரண்டாம் வகை, ஆயிரம் ஆர்டர் வந்தால் திரும்பாத எண்ணூறில் 1,200 போகும், அவ்வளவுதான்.

விற்பனை ஏறிக்கிட்டே இருக்கு, பேங்க்ல காசே இல்ல. எங்க போகுது?

பெரும்பாலும் சரக்கில் முடங்கியிருக்கிறது. அமேசானுக்கு இருந்த முதல் வசதி உங்களுக்குத் தலைகீழ்: சப்ளையருக்கு இன்றே கொடுக்கிறீர்கள், தளம் உங்களுக்கு ரிட்டர்ன் காலம் எல்லாம் பார்த்துச் சில நாட்களோ வாரங்களோ கழித்துத் தருகிறது. பொருளை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்கும் முறை என்றால் அது கூரியர் கையிலும் கொஞ்ச நாள் தங்கும். வேகமாக வளரும்போதுதான் இந்த இடைவெளி கழுத்தை நெரிக்கும். லாபத்தில் இருக்கும் வியாபாரமும் இதனால் மூடப்படலாம்.

ஏற்கெனவே கடை இருக்கு. ஆன்லைன் ஆரம்பிச்சா கடை வியாபாரத்தையே அது தின்னுடுமா?

கொஞ்சம் தின்னும். ஆன்லைன் விற்பனை 100 என்றால் அதில் எவ்வளவு புது ஆட்களிடமிருந்து, எவ்வளவு நேற்று வரை கடைக்கு வந்தவர்களிடமிருந்து என்று பிரித்துப் பாருங்கள். பழைய ஆளே கடையை விட்டு ஆன்லைனில் வாங்கினால், அதே விற்பனைக்கு நீங்கள் புதிதாக டெலிவரிச் செலவு செய்கிறீர்கள், கடை வாடகையும் குறையவில்லை.

ஆனால் கடை, ஆன்லைனுக்கு எதிரி என்று நினைப்பதும் சரியில்லை. கண்ணாடி விற்கும் வார்பி பார்க்கர் ஆன்லைனில் தொடங்கி, பிறகு பார்த்துத் தேர்வு செய்யும் இடங்களைத் திறந்தது. அதன் தரவுகளை ஆராய்ந்த டேவிட் பெல், சாண்டியாகோ காலினோ, அன்டோனியோ மொரேனோ மூவரும் 2018 கட்டுரையில் சொன்னது: அப்படி இடம் திறந்த பகுதிகளில் மொத்த விற்பனையும் ஆன்லைன் விற்பனையும் கூடின, ரிட்டர்ன் குறைந்தது. தொட்டுப் பார்க்க வேண்டியவர் அங்கே போனார், மற்றவர் வீட்டிலிருந்தே வாங்கினார்.

கொரோனா காலத்துல ஏறினது அப்படியே நிலைச்சிடுச்சா?

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் எண்களைப் பார்த்தால், சில்லறை விற்பனையில் ஆன்லைனின் பங்கு 2020-இன் இரண்டாம் காலாண்டில் சுமார் 16 சதவீதத்துக்கு ஒரே தாவாகத் தாவியது. கடைகள் திறந்ததும் இறங்கி, பழைய வேகத்தில் மெல்ல ஏறித்தான் மறுபடி அந்த இடத்துக்கு வந்தது. பத்து வருட வளர்ச்சி ஒரே வருடத்தில் வந்துவிட்டது என்று நம்பி ஆளும் கிடங்கும் சேர்த்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆன்லைன் கடை நடத்த மென்பொருள் தரும் ஷாப்பிஃபை 2022 ஜூலையில் சுமார் 10 சதவீத ஊழியர்களை அனுப்பியது. அந்தத் தாவல் நிரந்தரம் என்று போட்ட கணக்கு பலிக்கவில்லை என்பதை அதன் தலைவர் டோபி லுட்கே வெளிப்படையாகவே சொன்னார்.

சரி, நாட்டுக் கணக்குக்கு வருவோம். ஆன்லைன் விற்பனை கூடினா ஜிடிபி கூடும்தானே?

கடையில் நடந்த 100 விற்பனை போனுக்கு மாறினால் ஜிடிபியில் (நாட்டில் ஒரு வருடத்தில் உருவாகும் பொருள், சேவைகளின் மொத்த மதிப்பு) 100 சேராது. வியாபாரத்தின் பங்காக ஜிடிபியில் ஏறுவதே விற்பனைத் தொகை முழுவதும் அல்ல, கொள்முதலுக்கும் விற்பனைக்கும் நடுவில் சேர்த்த மதிப்பு மட்டும்தான். "ஆன்லைன் விற்பனை இத்தனை லட்சம் கோடி" என்ற செய்தியை அப்படியே வளர்ச்சி என்று படிக்கக் கூடாது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முன்பு நீங்களே கடைக்குப் போய்த் தூக்கி வந்தீர்கள், அந்த உழைப்பு எந்தக் கணக்கிலும் இல்லை. இப்போது ஒருவர் சம்பளத்துக்குக் கொண்டுவந்து தருகிறார், அது கணக்கில் ஏறுகிறது. பொருளும் அதே, பயணமும் கிட்டத்தட்ட அதே, ஜிடிபி மட்டும் கூடுகிறது.

உண்மையான வளர்ச்சி என்றால் அதே விற்பனையைக் குறைந்த ஆள், குறைந்த இடம், குறைந்த தேங்கிய சரக்கில் முடிப்பது. மிச்சமான ஆளும் இடமும் வேறு வேலைக்குப் போக வேண்டும், அப்போதுதான் மொத்தம் பெருகும். 1987-இல் பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ, கணினி யுகம் எங்கும் தெரிகிறது, உற்பத்தித்திறன் (ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலையின் அளவு) புள்ளிவிவரத்தில் மட்டும் தெரியவில்லை என்று எழுதினார். 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அது தெரிய ஆரம்பித்தபோது சில்லறை, மொத்த வியாபாரத்தின் பங்கு அதில் பெரியது. ஆனால் அதற்குக் காரணம் வெப்சைட் அல்ல, பார்கோடு, சரக்குக் கணக்கு, கிடங்கு நிர்வாகம் என்று பின்னால் நடந்த வேலைகள். ஆர்டர் ஆன்லைனில் வந்து, கிடங்கில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தால் உற்பத்தித்திறன் எங்கிருந்து கூடும்?

வாங்கறவங்களுக்கு இவ்வளவு வசதி. அது வளர்ச்சி இல்லையா?

நன்மைதான், பெரிய நன்மை, ஆனால் பெரும்பகுதி ஜிடிபிக்குள் வராது. ஆச்சரியம் என்னவென்றால், அந்த நன்மை மலிவு விலையைவிடத் தேர்வின் பெருக்கத்தில்தான் அதிகம். பிரின்யோல்ஃப்சன், யூ ஹூ, ஸ்மித் மூவரும் 2003-இல் எழுதிய கட்டுரையின் கணக்குப்படி, சாதாரணக் கடையில் கிடைக்காத புத்தகங்கள் ஆன்லைனில் கிடைத்ததால் 2000-ஆம் ஆண்டில் மட்டும் வாங்கினவர்களுக்கு வந்த பயன் சுமார் 73 கோடி முதல் 103 கோடி டாலர். விலை குறைந்ததால் வந்த பயனைப் போல 7 முதல் 10 மடங்கு அது.

கடன் அட்டைப் பரிவர்த்தனைகளை வைத்து அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வு, 2017 அளவில் மொத்த நுகர்வில் சுமார் 8 சதவீதம் ஆன்லைனுக்கு மாறியிருந்தது, அதனால் வாங்குகிறவர்களுக்குக் கிடைத்தது நுகர்வில் சுமார் 1 சதவீத உயர்வுக்குச் சமம் என்றது. எட்டு மாறினால் எட்டும் லாபமில்லை, ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்று வருடாவருடம் வரும்.

கடைங்க மூடினா வேலை போகுமே? கிடங்குல புதுசா வேலை வருதுங்கறாங்க, சரிக்குச் சரியா?

மொத்த எண்ணிக்கையில் சரியாகிவிடலாம், ஆட்கள் அளவில் ஆகாது. கடை வேலை போகும் இடம் ஒன்று, கிடங்கு திறக்கும் இடம் இன்னொன்று. கடையில் நின்று பேசி விற்ற ஐம்பது வயதுக்காரர் கிடங்கில் நாள் முழுக்கப் பெட்டி தூக்கப் போக மாட்டார். அமெரிக்காவில் பெரிய ஆன்லைன் கிடங்குகள் திறந்த பகுதிகளை ஆராய்ந்தபோது, அங்குள்ள வழக்கமான கடைகளில் மணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்களின் வருமானம் குறைந்திருந்தது, வேலை நேரம் வெட்டப்பட்டது ஒரு காரணம். வேலை போகாமலே வருமானம் போகலாம் என்பது பலர் கவனிக்காத விஷயம்.

கிராமத்துக்கு டெலிவரி வந்துட்டா அங்க இருக்கறவங்க தங்கள் பொருளை ஊருக்கெல்லாம் வித்து முன்னேறிடலாம்னு சொல்றாங்களே?

சீனாவில் அரசும் ஆன்லைன் விற்பனை நிறுவனமான அலிபாபாவும் சேர்ந்து கிராமங்களுக்கு ஆன்லைன் முனையங்களும் டெலிவரியும் கொண்டுபோன திட்டத்தை விக்டர் கூத்யூர், பென்ஜமின் ஃபேபர் உள்ளிட்ட நால்வர் ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டார்கள். உற்பத்தி செய்கிறவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் வருமானம் கூடியதற்குப் பெரிதாக ஆதாரம் கிடைக்கவில்லை. பயன் பெரும்பாலும் வாங்குகிற பக்கம்தான், அதிலும் இளையவர்களும் கொஞ்சம் வசதியானவர்களுமே கூடுதலாக அனுபவித்தார்கள்.

இதில் அதிசயமில்லை. வாங்குவதற்கு ஒரு போன் போதும். விற்பதற்கு ஒரே தரம், படம், பேக்கிங், நட்சத்திர மதிப்பீடு, முதலீடு, பொறுமை எல்லாம் வேண்டும். ஆன்லைன் விற்பனையால் செழித்த கிராமங்களும் அதே சீனாவில் உண்டு, ஆனால் அங்கெல்லாம் ஒரு கைத்தொழிலோ உற்பத்தியோ ஏதோ ஒரு வடிவில் வேரூன்றியிருந்தது.

வெளிநாட்டுக்கு விக்கறது உண்மையிலயே சுலபமாயிருக்கா, இல்ல அதுவும் பேச்சுதானா?

இது பேச்சில்லை. நாடுகளுக்கு நடுவில் தூரம் கூடக் கூட வர்த்தகம் குறையும் என்பது பொருளாதாரத்தில் உறுதியான விதிகளில் ஒன்று. 61 நாடுகளுக்கிடையே ஈபே என்ற ஆன்லைன் தளத்தில் நடந்த விற்பனையை ஆராய்ந்தவர்கள், அங்கே தூரத்தின் பாதிப்பு வழக்கமான வர்த்தகத்தைவிடச் சராசரியாக 65 சதவீதம் குறைவு என்று 2016-இல் எழுதினார்கள். தெரியாத நாட்டில் தெரியாத விற்பனையாளர் என்ற பயத்தைத் தளத்தின் மதிப்பீடுகள் குறைத்தன. முன்னால் சொன்ன கமிஷனுக்கு ஈடாகத் தளம் தருவது இதைத்தான், ஏற்றுமதி செய்கிறவருக்கு அது கொடுக்கத் தகுந்த காசு.

ஆன்லைன்காரங்க வரி கட்டாமதான் மலிவா விக்கறாங்கன்னு கடைக்காரங்க சொல்றது சரியா?

ஒரு காலத்தில் அதில் நிறைய உண்மை இருந்தது. இப்போது ஓட்டைகள் அடைபடுகின்றன. அமெரிக்க உச்சநீதிமன்றம் 2018-இல் வேஃபேர் என்ற ஆன்லைன் கடையின் வழக்கில், மாநிலத்துக்குள் கடையோ கிடங்கோ இல்லாத விற்பனையாளரிடமும் மாநிலம் விற்பனை வரி வசூலிக்கச் சொல்லலாம் என்றது. 22 யூரோ வரையிலான இறக்குமதிக்கு இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் எடுத்தது. வரி வித்தியாசத்தை மட்டும் நம்பிப் போட்ட லாபக் கணக்கு இருந்தால் அதைத் திரும்பப் போடுங்கள்.

எல்லாரும் ஒரே நேரத்துல ஆன்லைனுக்குப் போயிட்டா, கடைசியில யாருக்குத்தான் லாபம்?

இதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் இதுதான் சரியான கேள்வி. ஒருவர் மட்டும் போனால் அவருக்குப் புது ஆட்கள் கிடைப்பார்கள். எல்லோரும் போனால் ஆட்கள் அதே, தேடல் பட்டியலின் முதல் பக்கமும் அதே அளவு, விளம்பர ஏலம் மட்டும் ஏறும். மேலே சொன்ன விலைக் கேள்வியையும் தளக் கேள்வியையும் சேர்த்துப் படித்தால் படம் புரியும்: விலை குறைவதும் தேர்வு பெருகுவதும் வாங்குகிறவருக்கு, கமிஷனும் விளம்பரமும் தளத்துக்கு.

விற்கிறவர்களில் தப்பிக்கிறவர்கள் இரண்டு வகை. தாங்களே பொருளைச் செய்கிறவர்கள் அல்லது தங்கள் பெயரில் செய்வித்து விற்கிறவர்கள் ஒரு வகை, அவர்கள் பொருளை இன்னொருவர் விலையோடு நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. இன்னொரு வகை, டெலிவரிக்கு 13 ஆகிற இடத்தில் 8-இல் முடிக்கும் அளவுக்கு ஆர்டர்களைக் குவித்தவர்கள். நடுவில் இருப்பவர்களுக்கு ஆன்லைன் ஒரு கட்டாயச் செலவாகிவிட்டது, போனாலும் பெரிதாக மிஞ்சாது, போகாவிட்டாலும் விற்பனை கரையும். அப்படிப்பட்ட ஒருவர் என்னிடம் கேட்டால், இருக்கும் எல்லாப் பொருளையும் ஆன்லைனில் ஏற்றாமல், ரிட்டர்ன் கழித்த பிறகும் ஏதாவது மிஞ்சுகிற பத்துப் பொருளை மட்டும் ஏற்றி, மற்றதைக் கடையிலேயே விற்கச் சொல்வேன்.